8051-இல் எந்த வேரியபிளை எந்த மெமரியில் வைப்பது: கெய்ல் சி51-க்கு முழுமையான வழிகாட்டி

8051 குடும்பத்து சிப்புக்கு, கெய்ல் சி51 கம்பைலரில், சி-யில் எழுதப் பழகுபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் முட்டி நிற்கிறார்கள். புரோகிராம் கொஞ்சம் கொஞ்சமாக வளர்கிறது, ஒரு நாள் பில்ட் கொடுத்தால் லிங்கர் (கம்பைல் ஆன துண்டுகளைச் சேர்த்து முகவரி ஒதுக்கும் புரோகிராம்) ‘எல்107, அட்ரஸ் ஸ்பேஸ் ஓவர்ஃப்ளோ’ என்று சொல்லி மறுத்துவிடுகிறது. யாரோ சொன்னார்கள் என்று மெமரி மாடலை, அதாவது வேரியபிள்கள் வழக்கமாக எங்கே போக வேண்டும் என்ற தேர்வை, ஸ்மாலில் இருந்து லார்ஜுக்கு மாற்றுகிறார்கள். எரர் போய்விடுகிறது. சிப்பில் ஏற்றினால் எல்சிடியில் கன்னாபின்னாவென்று ஏதேதோ எழுத்துகள், இல்லையென்றால் வெறும் திரை.

மாடலைத் தொட வேண்டாம் என்பதுதான் நான் சொல்ல வருவது. ஸ்மாலிலேயே இருந்துகொண்டு ஒவ்வொரு பெரிய வேரியபிளுக்கும் இடத்தை நீங்களே கையால் குறியுங்கள். அதைக் கீழே உள்ள வரிசையில் செய்தால் பாதி வழியிலேயே பிரச்சினை தீர்ந்துவிடும், மீதிப் படிகள் தேவைப்படாமலும் போகலாம்.

உதாரணத்துக்கு ஒரு ஜிபிஎஸ் கடிகாரத்தை எடுத்துக்கொள்வோம்: ஏடி89எஸ்52 சிப், 16 எழுத்து இரண்டு வரி எல்சிடி, சீரியல் போர்ட்டில் ஒரு ஜிபிஎஸ் மாட்யூல். கீவேர்டுகளை இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன், டைப் செய்யும்போது எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்து.

1. தொடங்கும் முன் தேவையானவை

சிப்பின் டேட்டாஷீட் வேண்டும், அதுவும் போர்டில் உண்மையில் செருகியிருக்கும் சிப்பினுடையது. ஏடி89எஸ்52-இல் 256 பைட் ரேம், ஏடி89எஸ்51-இல் 128 பைட்தான். இரண்டும் ஒரே 40 பின் உறையில் வரும், எழுத்தைப் படிக்காமல் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. புராஜெக்டில் 52 என்று தேர்ந்தெடுத்துவிட்டு போர்டில் 51 வைத்திருந்தால் லிங்கர் ஒன்றும் சொல்லாது, ஆனால் மேல் பாதியில் வைத்த மதிப்புகள் எதுவும் நிற்காது.

இரண்டாவது, லிங்கர் எழுதித் தரும் மேப் ஃபைல். புராஜெக்டின் பெயரில், எம்51 என்ற நீட்சியோடு இருக்கும். இதைத் திறந்து பார்க்காமல் இடம் ஒதுக்குவது இருட்டில் தடவுவதுதான்.

மூன்றாவது, பில்ட் முடிவில் வரும் ‘புரோகிராம் சைஸ்’ வரியைப் படிக்கத் தெரிய வேண்டும். அதில் டேட்டா 41.3 என்று இருந்தால் 41 பைட்டும் 3 பிட்டும் என்று பொருள், தசமம் கிடையாது. ஒன்றுமே செய்யாத காலி மெயினுக்கும் 9.0 காட்டும்: ரிஜிஸ்டர் பேங்க் 0-க்கு (ஆர்0 முதல் ஆர்7 வரை) 8, ஸ்டாக்குக்கு (ஃபங்ஷன் முடிந்து திரும்ப வேண்டிய முகவரிகள் நிற்கும் இடம்) 1. இன்னொரு விஷயம், இந்த எண்ணில் ஐடேட்டாவும் சேர்ந்தே வரும். அதனால் 150 என்று காட்டினாலும் 52-இல் சரியாக ஓடலாம், 120 சொச்சத்திலேயே எல்107 வரவும் செய்யலாம். ஏன் என்று அடுத்த படியில் புரியும்.

2. சிப்பில் எத்தனை அறைகள் என்று எழுதி வையுங்கள்

8051-இல் முகவரி ஒன்றாக இருந்தாலும் அதை எந்தக் கட்டளையால் தொடுகிறோம் என்பதைப் பொறுத்து இடம் மாறும். வேறு கணினியில் சி பழகி வந்தவர்களுக்குப் பழக வேண்டிய புது விஷயம் இதுதான்.

டேட்டா: முகவரி 0 முதல் ஹெக்ஸ் 7எஃப் வரை, 128 பைட். நேரடி முகவரியால் தொடலாம், அதனால்தான் வேகம். இதன் முதல் 32 பைட் நான்கு ரிஜிஸ்டர் பேங்குகளுக்கு உரியது. ஹெக்ஸ் 20 முதல் 2எஃப் வரை 16 பைட், ஒவ்வொரு பிட்டையும் தனியாகத் தொடக்கூடிய பகுதி.

ஐடேட்டா: ரிஜிஸ்டர் வழியாக, சுற்றி வந்து தொடும் ரேம். 52-இல் 256 பைட்டும் இதற்குள் வரும். ஹெக்ஸ் 80-க்கு மேலே உள்ள 128 பைட்டுக்கு இது ஒன்றுதான் வழி, ஏனென்றால் அதே முகவரியை நேரடியாகத் தொட்டால் போர்ட், டைமர் போன்றவற்றின் கட்டுப்பாட்டு ரிஜிஸ்டர்களான எஸ்எஃப்ஆர்கள்தான் கிடைக்கும்.

எக்ஸ்டேட்டா: 64 கேபி வரை வெளி ரேம், அல்லது சில சிப்புகளில் உள்ளேயே வைத்த கூடுதல் ரேம். ஏடி89எஸ்52-இல் இது இல்லவே இல்லை.

கோட்: புரோகிராம் இருக்கும் ஃப்ளாஷ். 52-இல் 8 கேபி. படிக்கலாம், எழுத முடியாது.

பக்கம் பக்கமாகத் தொடும் பிடேட்டா (pdata) என்று ஒன்றும் உண்டு. பெரும்பாலான புராஜெக்டுகளுக்கு அது தேவைப்படாது, இங்கே விட்டுவிடுகிறேன்.

இந்த அறைகளுக்கு இடையே விலை எவ்வளவு வேறுபடுகிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டால் மறக்காது. ஒரு பைட் வேரியபிளை ஒன்று கூட்ட வேண்டும், அவ்வளவுதான். டேட்டாவில் இருந்தால் ஒரே கட்டளை, 2 பைட் கோட், 1 மெஷின் சைக்கிள். ஐடேட்டாவில் இருந்தால் முகவரியை ஆர்0-வில் ஏற்றி அப்புறம் கூட்ட வேண்டும், 3 பைட், 2 சைக்கிள். எக்ஸ்டேட்டாவில் இருந்தால் டிபிடிஆர் என்ற 16 பிட் ரிஜிஸ்டரில் முகவரியை ஏற்றி, மதிப்பை அக்யூமுலேட்டருக்குக் கொண்டுவந்து, கூட்டி, திரும்ப அனுப்ப வேண்டும்: 6 பைட், 7 சைக்கிள். 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலில் 1 மைக்ரோசெகண்டில் முடிகிற வேலைக்கு 7 ஆகிறது. லூப் எண்ணியை எக்ஸ்டேட்டாவில் வைத்தால் ஒவ்வொரு சுற்றிலும் இந்த விலையைக் கொடுத்துக்கொண்டே இருப்பீர்கள்.

3. மெமரி மாடலை ஸ்மாலில் விடுங்கள்

இடம் சொல்லாத வேரியபிள் எங்கே போக வேண்டும் என்பதைத்தான் மாடல் தீர்மானிக்கிறது. ஸ்மால் என்றால் டேட்டா, லார்ஜ் என்றால் எக்ஸ்டேட்டா. லார்ஜுக்கு மாற்றினால் ஐ, ஜே என்ற லூப் எண்ணிகள்கூட (ரிஜிஸ்டரில் அடங்காதவை) வெளி ரேமுக்குப் போய்விடும்.

வெளி ரேம் இல்லாத ஏடி89எஸ்52-இல் லார்ஜ் போட்டால் நடப்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். கம்பைலர் மோவ்எக்ஸ் கட்டளைகளைப் போடுகிறது. சிப் அதை வெளி மெமரிக்கான அழைப்பாக எடுத்துக்கொண்டு பி0-வில் (போர்ட் 0) முகவரியின் கீழ் பாதியையும் டேட்டாவையும், பி2-வில் முகவரியின் மேல் பாதியையும் வெளியே அனுப்புகிறது. பி3.6, பி3.7 இரண்டும் எழுது, படி சிக்னல்களாக அசைகின்றன. அது போதாதென்று, வெளி மெமரியைத் தொடும் ஒவ்வொரு முறையும் சிப் பி0 லேட்ச்சில் ஹெக்ஸ் எஃப்எஃப் எழுதிவிடும், நீங்கள் அங்கே வைத்திருந்த மதிப்பு போயே போய்விடும். எல்சிடி டேட்டா லைன்களை பி0-வில் கொடுத்திருந்தால் திரையில் குப்பை வராமல் என்ன செய்யும்? எழுதிய வேரியபிளும் எங்கேயும் சேமிக்கப்படவில்லை, படித்தால் பஸ்ஸில் மிதக்கிற ஏதோ ஒரு மதிப்புதான் கிடைக்கும். இவ்வளவுக்கும் கம்பைலரிடமிருந்து ஒரு எச்சரிக்கைகூட வராது. வயரிங்கைப் பிரித்துப் பிரித்துப் பார்த்து நாள் கணக்கில் தேடுபவர்கள் இருக்கிறார்கள், காரணமோ டார்கெட் ஆப்ஷன்ஸ் பக்கத்தில் ஒரு தேர்வு.

4. மாறாதவற்றை முதலில் கோட் பகுதிக்கு அனுப்புங்கள்

இது ஏன் முதல் வேலை என்றால், இதில் இழப்பு மிகக் குறைவு, லாபம் பெரும்பாலும் அதிகம். கிழமைப் பெயர்கள், மெனு வரிகள், ஏழு செக்மென்ட் வடிவங்கள், எல்சிடியின் தனி எழுத்து வடிவங்கள் எல்லாம் புரோகிராம் ஓடும்போது மாறுவதே இல்லை.

எழுதும் முறை: ‘சார் கோட் கிழமை[7][10]’ என்று டைப்புக்குப் பின், பெயருக்கு முன், இடத்தைக் குறிக்க வேண்டும். மதிப்புகளையும் அங்கேயே கொடுத்துவிட வேண்டும், பிறகு எழுத முடியாது.

இங்கே பலரும் தடுக்கி விழும் இடம் கான்ஸ்ட். கான்ஸ்ட் என்று போட்டாலே ஃப்ளாஷுக்குப் போய்விடும் என்று நினைக்கிறார்கள், மற்ற பல கம்பைலர்களில் அப்படித்தான். சி51-இல் போகாது. கான்ஸ்ட் என்பது ‘மாற்றாதே’ என்ற கட்டளை மட்டும், இடம் ரேமிலேயே இருக்கும். அதுவும் போக, ஆரம்ப மதிப்புகளை ஃப்ளாஷில் ஒரு நகல் வைத்து, தொடக்கத்தில் ரேமுக்குக் காப்பி செய்யும், ஆக இரண்டு பக்கமும் செலவு. ‘கோட்’ என்று வெளிப்படையாக எழுதினால்தான் வேலை நடக்கும்.

ஃபங்ஷனுக்குள் நேரடியாக மேற்கோள் குறிக்குள் கொடுக்கும் ஸ்ட்ரிங் ஏற்கெனவே கோட் பகுதியில்தான் இருக்கிறது. அதை ஒரு சார் அரேக்கு ஆரம்ப மதிப்பாகக் கொடுக்கும்போதுதான் ரேமுக்கு வருகிறது.

நம் கடிகாரத்தில் தலா 17 பைட் வீதம் ஆறு செய்தி வரிகள் என்றால் 102 பைட். டேட்டா மொத்தமே 128. இந்த ஒரு மாற்றத்திலேயே எல்107 போய்விடும் புராஜெக்டுகள் நிறைய.

5. ஆம்-இல்லை சமாச்சாரங்களை பிட்டாக்குங்கள்

‘வரி வந்துவிட்டது’, ‘ஜிபிஎஸ் பூட்டியாயிற்று’, ‘பட்டன் அழுத்தியிருக்கிறது’ போன்றவற்றுக்கு ஒரு முழு பைட் எதற்கு? ‘பிட் வரிவந்தது’ என்று அறிவித்தால் ஹெக்ஸ் 20 முதலான பகுதியில் ஒரே ஒரு பிட் எடுத்துக்கொள்ளும். எட்டுக் கொடிகள் ஒரு பைட்டில் அடங்கும். இடத்தைவிட வேகம் பெரிய லாபம்: பிட்டை வைக்க, அழிக்க, சோதித்துத் தாவ ஒவ்வொன்றுக்கும் ஒரே கட்டளை.

பிட்டுக்குப் பாயின்டர் வைக்க முடியாது, பிட் அரே கிடையாது. எட்டையும் சேர்த்து ஒரே பைட்டாகவும் பார்க்க வேண்டுமென்றால் அந்த பைட்டை bdata என்ற கீவேர்டோடு (முன்பு சொன்ன pdata அல்ல, முதல் எழுத்து b) அறிவித்து, ஒவ்வொரு பிட்டுக்கும் எஸ்பிட் கொண்டு பெயர் வையுங்கள்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. டேட்டா, கோட், பிட் எல்லாம் சி51-இல் கீவேர்டுகள். எங்கிருந்தோ எடுத்த எல்சிடி புரோகிராமில் ஃபங்ஷனின் ஆர்க்யுமென்ட்டுக்கு ‘டேட்டா’ என்றே பெயர் வைத்திருப்பார்கள், இங்கே சின்டாக்ஸ் எரர் வரும். எரர் காட்டும் வரியில் கண்ணுக்கு ஒரு தப்பும் தெரியாது. பெயரை மாற்றுங்கள், சரியாகிவிடும்.

6. அரேக்களை ஐடேட்டாவுக்கு மாற்றுங்கள்

அரேயை இன்டெக்ஸ் வைத்துத் தொடும்போது எப்படியும் ஆர்0 அல்லது ஆர்1 வழியாகத்தான் போயாக வேண்டும். டேட்டாவில் வைத்தாலும் அதே வழி, ஐடேட்டாவில் வைத்தாலும் அதே வழி. அதனால் அரேயை ஐடேட்டாவுக்கு மாற்றினால் வேகத்தில் நஷ்டம் அநேகமாக இல்லை, நேரடியாகத் தொட வேண்டிய தனி வேரியபிள்களுக்கு டேட்டாவில் இடம் கிடைக்கும். புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: சின்னச் சின்ன வேரியபிள்களையெல்லாம் தேடிப் பிடித்து ஐடேட்டா போடுகிறார்கள், 80 பைட் பஃபர் டேட்டாவிலேயே உட்கார்ந்திருக்கிறது.

ஜிபிஎஸ் அனுப்பும் என்எம்இஏ வரி அதிகபட்சம் 82 எழுத்து. முடிவுக் குறியோடு ‘அன்சைன்ட் சார் ஐடேட்டா வரி[83]’. எல்சிடிக்கு இரண்டு வரி, 34 பைட், அதுவும் ஐடேட்டாவில். ஆக 117.

பல ஃபைல்களாகப் பிரித்து எழுதுகிறீர்கள் என்றால் எக்ஸ்டர்ன் அறிவிப்பிலும் அதே இடத்தைக் குறிப்பிட வேண்டும். குறிப்பிடாவிட்டால் அந்த ஃபைலின் கம்பைலர் அது டேட்டாவில் இருப்பதாக நம்பி நேரடிக் கட்டளை போடப் பார்க்கும். எக்ஸ்டர்னை ஹெடரில் ஒரே இடத்தில் எழுதி, வேரியபிளை உருவாக்கும் ஃபைலிலும் அந்த ஹெடரைச் சேர்த்துவிடுங்கள், முரண் இருந்தால் கம்பைலே ஆகாது.

இன்னொன்று, மெயினுக்கு முன்னால் ஓடும் ஸ்டார்ட்அப் ஃபைல். அதில் ஐடேட்டாலென் என்ற மதிப்பு வழக்கமாக ஹெக்ஸ் 80-ஆக இருக்கும், அதாவது கீழ் 128 பைட்டை மட்டுமே தொடக்கத்தில் பூஜ்யமாக்கும். 52-க்கு அதை ஹெக்ஸ் 100 ஆக்குங்கள். எக்ஸ்டேட்டாலென் வழக்கமாக 0, அதனால் ஆரம்ப மதிப்பு கொடுக்காத எக்ஸ்டேட்டா குளோபல்கள் பூஜ்யமாக இருக்கும் என்று நம்பாதீர்கள். சிமுலேட்டரில் சரியாக ஓடி போர்டில் மட்டும் சொதப்புகிற புரோகிராம்களில் இதையும் சந்தேகப்படுங்கள்.

7. எக்ஸ்டேட்டா: உண்மையில் இருந்தால் மட்டும்

சிப்புக்கு உள்ளேயே கூடுதல் ரேம் இருக்கும் வகைகள் உண்டு. பி89வி51ஆர்டி2-இல் 768 பைட், எஸ்டிசி89சி52ஆர்சி-இல் 256 பைட். இவற்றில் உள் ரேமா வெளி ரேமா என்பதை ஏயுஎக்ஸ்ஆர் ரிஜிஸ்டரில் உள்ள எக்ஸ்ட்ராம் பிட் தீர்மானிக்கிறது. உள் ரேம் தேர்வாகியிருந்தால், அதன் எல்லைக்குள் தொடும் வரை பி0, பி2 அசையாது, எல்சிடி பத்திரம். கெய்லின் டார்கெட் பக்கத்தில் ஆன்-சிப் எக்ஸ்ராம் என்ற பெட்டியைத் தேர்ந்தெடுங்கள், அப்போதுதான் லிங்கருக்கு எல்லை தெரியும்.

வெளியே 6264 அல்லது 62256 ரேம் சிப்பை 74373 லேட்ச்சோடு இணைத்திருந்தால், தொடக்க முகவரியையும் அளவையும் அதே பக்கத்தில் கொடுக்க வேண்டும். அப்போது பி0-வும் பி2-வும் பஸ்ஸுக்கே போய்விடும், வேறு எதையும் நேரடியாக அவற்றில் கட்டாதீர்கள்.

ஒரு குறிப்பிட்ட முகவரியில்தான் இருக்க வேண்டும் என்றால், உதாரணமாக ஹெக்ஸ் 8000-இல் ஒரு ஏடிசி, பெயருக்குப் பின்னால் அட் கீவேர்டும் முகவரியும் கொடுங்கள் (இருபக்கமும் அடிக்கோடு உண்டு). குளோபலாக இருக்க வேண்டும், ஆரம்ப மதிப்பு கொடுக்கக் கூடாது, வாலட்டைல் கட்டாயம் சேருங்கள். சேர்க்காவிட்டால் ஒரு தடவை படித்த மதிப்பையே கம்பைலர் திரும்பவும் பயன்படுத்திக்கொள்ளலாம். சாதாரண வேரியபிளுக்கு மட்டும் இதைச் செய்யாதீர்கள், லிங்கருக்கு இடம் தேடத் தெரியும்.

8. பாயின்டர் எதைக் காட்டுகிறது, எங்கே இருக்கிறது

இடம் குறிப்பிடாமல் எழுதிய பாயின்டர் சி51-இல் 3 பைட்: ஒரு பைட் எந்த மெமரி என்று சொல்ல, இரண்டு முகவரிக்கு. அதன் வழியாக ஒவ்வொரு பைட்டைப் படிக்கும்போதும் ஒரு லைப்ரரி ரொட்டீன் ஓடி, எந்த மெமரி என்று பார்த்துப் பிரித்து அனுப்புகிறது. ஐடேட்டாவை மட்டும் காட்டும் பாயின்டர் 1 பைட், கோட் அல்லது எக்ஸ்டேட்டாவுக்கு 2 பைட், ரொட்டீன் தேவையில்லை.

நட்சத்திரக் குறிக்கு முன்னால் எழுதும் இடம் பாயின்டர் காட்டும் பொருளுக்கு, பின்னால் எழுதுவது பாயின்டருக்கே. ‘சார் எக்ஸ்டேட்டா * டேட்டா பி’ என்றால், பி டேட்டாவில் இருக்கிறது, எக்ஸ்டேட்டாவைக் காட்டுகிறது.

எல்சிடியில் ஸ்ட்ரிங் எழுதும் ஃபங்ஷனுக்கு நான் சொல்வது: இரண்டாகப் பிரியுங்கள், கோட் ஸ்ட்ரிங்குக்கு ஒன்று, ஐடேட்டா பஃபருக்கு ஒன்று. ஆறே வரி ஃபங்ஷன், இரண்டு தடவை எழுதினால் தப்பில்லை. கோட் பாயின்டர் எதிர்பார்க்கும் ஃபங்ஷனுக்கு ஐடேட்டா பஃபரைக் கொடுத்தால் எச்சரிக்கையோடு கம்பைல் ஆகிவிடும், ஃப்ளாஷில் அதே எண்ணுள்ள முகவரியில் இருக்கும் கட்டளை பைட்டுகளை எழுத்தாகக் காட்டும். பாயின்டர் பற்றி வரும் எச்சரிக்கை ஒன்றைக்கூட விட்டுவைக்காதீர்கள்.

9. லோக்கல் வேரியபிளும் இன்டரப்டும்

இந்த சிப்பின் ஸ்டாக் சின்னது என்பதால் சி51 லோக்கல்களை அதில் வைப்பதில்லை, டேட்டாவில் நிலையான முகவரி கொடுக்கிறது. ஒன்றையொன்று அழைக்காத ஃபங்ஷன்கள் ஒரே இடத்தைப் பங்குபோட்டுக்கொள்ளும். யார் யாரை அழைக்கிறார்கள் என்பதை லிங்கர் கணக்கிட்டு இதைச் செய்கிறது, அந்தக் கணக்கு தப்பினால் வேரியபிள் ஒன்றின் மேல் ஒன்று எழுதப்படும்.

எல்15 எச்சரிக்கை வந்தால், ஒரே ஃபங்ஷனை மெயினும் அழைக்கிறது, இன்டரப்டும் அழைக்கிறது என்று பொருள். மெயின் பாதியில் இருக்கும்போது இன்டரப்ட் புகுந்து அதே லோக்கலை மாற்றிவிடும். இன்டரப்டுக்குள் பைட்டை பஃபரில் போட்டுவிட்டு ஒரு பிட்டை வைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள், பிரித்துப் பார்க்கும் வேலை மெயினுக்கு. எல்16 என்றால் யாரும் அழைக்காத ஃபங்ஷன் ஒன்று இருக்கிறது, அதன் லோக்கல்கள் பங்கில் சேராமல் தனி இடம் பிடித்திருக்கின்றன. அழியுங்கள், டேட்டா மிச்சம். ஃபங்ஷன் பாயின்டர் வழியாக அழைப்பதை லிங்கரால் தானாகச் சரியாகக் கணக்கிட முடியாது, தொடக்கத்தில் தவிர்த்துவிடுவது நல்லது.

சீரியல் இன்டரப்ட் ஃபங்ஷனுக்கு ‘இன்டரப்ட் 4 யூஸிங் 1’ என்று கொடுத்தால் ரிஜிஸ்டர் பேங்க் 1-க்கு 8 பைட் போகும், பதிலுக்கு ஆர்0 முதல் ஆர்7 வரை ஸ்டாக்கில் ஏற்றி இறக்க வேண்டியதில்லை. அதற்குள்ளிருந்து இன்னொரு ஃபங்ஷனை அழைத்தால் அதுவும் அதே பேங்குக்குக் கம்பைல் ஆகியிருக்க வேண்டும்.

10. மிச்சத்தை ஸ்டாக்குக்கு விட்டு, மேப்பில் சரிபாருங்கள்

கெய்ல் லிங்கர் எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்த பிறகு, கடைசியில் ஸ்டாக்கைத் தொடங்குகிறது. அது மேல்நோக்கி வளரும். லிங்கர் கேட்பது ஒரு பைட் மட்டும், எனவே ஒரே ஒரு பைட் மிச்சமிருந்தாலும் பில்ட் வெற்றி என்றுதான் காட்டும். எல்லை தாண்டினால் சொல்ல சிப்பில் ஆளில்லை, முகவரி சுற்றிவந்து 0-இல் இருக்கும் ரிஜிஸ்டர்களையே அழிக்கும்.

நம் கடிகாரத்தின் கணக்கு: இரண்டு பேங்க் 16, கொடிகள் 1, தனி வேரியபிள்களும் லோக்கல்களும் சுமார் 30, ஐடேட்டா 117. மொத்தம் 164, ஸ்டாக்குக்கு 92. ஒரு ஃபங்ஷன் அழைப்புக்கு 2 பைட். இன்டரப்டுக்கு 2-உம், அது சேமிக்கும் ஐந்து ரிஜிஸ்டர்களும் சேர்த்து 7, யூஸிங் போடாமல் அதற்குள் வேறு ஃபங்ஷனையும் அழைத்தால் 15 வரை. ஐந்து நிலை அழைப்பு, இரண்டு முன்னுரிமையில் இரண்டு இன்டரப்ட், அவற்றுக்குள் ஓரிரு அழைப்பு என்று வைத்தாலும் 50-ஐத் தாண்டாது.

மேப் ஃபைலில் கேள்விக்குறியோடு ஸ்டாக் என்ற பெயர் உள்ள வரியைத் தேடி, அதன் தொடக்க முகவரியை ஹெக்ஸ் 100-இலிருந்து கழியுங்கள், உங்கள் இடம் அதுதான். அப்புறம் சிமுலேட்டரில் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, மெமரி ஜன்னலில் ஐ என்ற எழுத்து, கோலன், அந்தத் தொடக்க முகவரி என்று கொடுங்கள். ஐடேட்டாலெனை ஹெக்ஸ் 100 ஆக்கியிருப்பதால் தொடாத பைட்டுகள் பூஜ்யமாகவே நிற்கும், ஸ்டாக் எதுவரை ஏறியது என்று கண்ணுக்கே தெரியும். அதற்கு மேல் 16 பைட்டாவது பூஜ்யமாக இல்லையென்றால் நான்காம் படிக்குத் திரும்பி, இன்னும் எதைக் கோட் பகுதிக்கு அனுப்பலாம் என்று பாருங்கள்.